கஞ்சி ஊற்றிப் பார்த்த கல்

கத்தார் என்று ஒரு நாடு இருக்கிறதே, அது முதலில் வெறும் மணல்தான். அங்கே நடந்தவர்கள் எல்லாம் முழங்கால் வரை புதைந்து புதைந்து போய்க்கொண்டிருந்தார்கள். அப்புறம் எங்கள் பக்கத்து வீட்டு ஜெக்கரியா மாமா பூதலூரில் ரயில் ஏறிப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக அடுக்கி அந்த நாட்டை நிற்க வைத்தார். ஆயிரம் வருடம் முன்னால் பிறந்திருந்தால் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு யானையும் வேண்டாம், சாரமும் வேண்டாம். மாமா தரையில் பதிக்கும் இன்டர்லாக் கல்லிலேயே கோபுரத்தை எழுப்பிவிட்டு, மிச்சக் கல்லில் கும்பகோணம் வரை நடைபாதையும் போட்டிருப்பார். நிலாவில் மனிதன் கால் வைத்தபோது தடம் பதிந்துவிட்டதாம். மாமாவை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் அந்த அசிங்கம் நடந்திருக்காது.

இதில் பாதி நான் சேர்த்தது. மீதிப் பாதி அவரே டீக்கடையில் சொன்னது.

உண்மையைச் சொன்னால், அத்தனை வருடத்தில் மாமா ஒரே ஒரு கல்லைக்கூடத் தேர்ந்தெடுத்தது கிடையாது. எங்கே சிவப்பு, எங்கே சாம்பல், எந்த இடத்தில் வளைவு என்பதெல்லாம் யாரோ ஒரு இன்ஜினியர் போட்ட படத்தில் இருக்கும். ஃபோர்மேன் விரலை நீட்டுவார், மாமா அடுக்குவார். யார் யாருடைய வீட்டுத் தோட்டத்துக்கோ, அரண்மனை வாசலுக்கோ கல் போட்டார். அதன் மேல் ஒரு தடவைகூட அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததில்லை. இப்போது ஊர் திரும்பி, சொந்த வீட்டு வாசலுக்குக் கல் போட வேண்டிய நாள் வந்தபோது, மனுஷனுக்குக் கை ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும் என்றால், போன வருடத்து ஐப்பசிக்குப் போக வேண்டும்.

அவர்கள் வீட்டு வாசல் பெரியது. ஒரு டிராக்டரைத் திருப்பலாம். என் அப்பா ரெத்தினம் ஒருமுறை திருப்பியும் இருக்கிறார், கேட் தூணையும் சேர்த்து. தரை யாரோ ஒரு கொத்தனார் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனது. கோடையில் வெடிக்கும், மழையில் பாசி பிடிக்கும். மாமாவின் வீட்டுக்காரி ஹலீமா மாமி தினமும் மத்தியானம் சோறு வடித்ததும் கஞ்சிப் பாத்திரத்தோடு வாசலைக் கடந்து மதிலோரம் வருவார். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அந்தக் கஞ்சி என் ஆட்டுக்கு. நேரம் ஆனால் ஆடு கத்தும். அந்தத் தெருவில் பலர் சோறு வடிப்பதே அது கத்துவதைக் கேட்டுத்தான்.

அன்றைக்கு மழைத் தூறலில் மாமி பாதி வாசலில் வரும்போது போன் அடித்தது. கத்தாரிலிருந்து மாமா. வீட்டுக்குள் டவர் எடுக்காது, அதனால் மாமி போனை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். ஒரு கையில் கஞ்சி, ஒரு கையில் போன். கொஞ்சம் கஞ்சி தளும்பிக் கீழே சிந்தியது. பாசி மேல் கஞ்சி விழுந்தால் எருமையே சறுக்கும்.

இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. மாமா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். டாக்டர் வாக்கர் ஒன்றைக் கையில் கொடுத்து, நடங்க, நடக்க நடக்கத்தான் சரியாகும் என்றார். மாமி நடந்தார். ஹாலில் நடந்தார், அடுப்படிக்கு நடந்தார். வாசற்படி வந்ததும் நின்றுவிடுவார். வாக்கரின் முன்னங்கால் நிலைப்படியைத் தொட்டதும் முகம் வெளுத்துவிடும். கூடத்து ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் பேசுவார். வருடம் ஒன்று ஆகப் போகிறது, மாமியின் கால் வாசலில் படவில்லை.

ஆகவே, மாமாவுக்கு வேண்டியது அழகான வாசல் இல்லை. அடுத்த மழைக்குள் மாமியை வெளியே கொண்டுவரும் ஒரு கல். அது எந்தக் கல்?

புரட்டாசி பிறந்ததும் மாமா பைக்கை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் போவார். வரும்போது பின் சீட்டில் சாக்கில் கட்டிய சாம்பிள் கற்கள் இருக்கும். ஜிக்ஜாக் கல், ஆங்கில ஐ எழுத்துக் கல், அறுகோணக் கல், பூப்போட்ட கல். ரப்பர் அச்சில் ஊற்றி எடுத்த பளபளா சிவப்பு ஒன்று, மெஷினில் அழுத்தி எடுத்த சொரசொரா சாம்பல் ஒன்று. எல்லாவற்றையும் வாசலில் பரப்பிவைத்து அவற்றின் நடுவில் உட்கார்ந்திருப்பார். போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டைத் திறந்துகொண்டு வந்து தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்கள்.

"சிவப்பப் போடுங்க பாய். தூரத்துலேர்ந்து பாத்தா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்" என்றார் என் அப்பா.

"மழ பெஞ்சா?"

"மழ பெஞ்சா மழ பெஞ்ச கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்."

மாமா சிரிக்கவில்லை. பளபளா கல்லில் தண்ணீரைத் தெளித்து விரலால் தேய்த்தார். தலையை ஆட்டினார். மறுநாள் வேறு ஒரு சாக்கு வந்தது.

ஒருநாள் நான் மதில் மேல் ஏறி முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். (அவர்கள் வீட்டு முருங்கைதான். கிளை எங்கள் பக்கம் நீட்டினால் அது எங்கள் கிளை.) மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். வீட்டுக்குள் போய் மாமியின் வாக்கரைத் தூக்கிவந்தார். மாமியின் ஊதா செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். பாதிப் பாதம் வெளியே தொங்கியது. அந்தக் கோலத்தில், ஆறடி ஆள், குனிந்து, நனைந்த சாம்பிள் கல் ஒவ்வொன்றின் மேலும் வாக்கரை வைத்து வைத்து நடந்து பார்த்தார். சில கல்லில் வேண்டுமென்றே சறுக்கியும் பார்த்தார்.

நான் கீழே குதித்து ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சும்மா விட முடியாது. அம்மாவின் பழைய போனில் இன்னொரு சிம் இருந்தது. அந்த நம்பர் மாமாவுக்குத் தெரியாது. துப்பட்டாவை வாயில் சுற்றிக்கொண்டு போன் போட்டேன்.

"வணக்கம் சார். நாங்க தஞ்சாவூர் பிரகதீஸ்வரி பேவர் கல் கம்பெனிலேர்ந்து பேசுறோம். என் பேரு குந்தவை. நீங்க கல்லு பாத்துட்டு இருக்கிறதா கேள்விப்பட்டோம்."

"யாரும்மா சொன்னா?"

"ஊரே சொல்லுது சார்."

"சரிதான். உங்க கல்லு என்ன கிரேடு?"

"ஃபர்ஸ்ட் கிரேடு சார்."

"அது சரிம்மா. எம் முப்பதா, எம் நாப்பதா?"

எனக்கு என்ன தெரியும்? "எம் எண்பது சார்" என்றேன்.

"எம் எண்பதா! அதுல அணையே கட்டலாமேம்மா."

"கல்லணையே எங்க கல்லுதான் சார்."

"கேரண்டி எத்தன வருஷம்?" என்று கேட்டார்.

"தொண்ணூத்தொம்பது வருஷம் சார். அதுக்குள்ள ஒடஞ்சா நீங்க நேரா வந்து திருப்பிக் குடுத்துடலாம்."

"யாரு வந்து குடுக்கிறது, என் பேரனா?"

அந்த நேரம் பார்த்து என் ஆடு தலையைத் தூக்கிக் கத்தியது. ஒரு வருடமாகக் கஞ்சி வரவில்லை, ஆனாலும் மத்தியானம் ஆனால் அது கத்தாமல் இருக்காது.

"அது என்னம்மா சத்தம்?"

"எங்க மேனேஜர் சார். ரெண்டு நாளா இருமல்."

போனை வைத்துவிட்டு வைக்கோலில் உருண்டு சிரித்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு அந்த சிம்முக்கு மாமாவிடமிருந்தே போன் வந்தது.

"குந்தவைம்மா, உங்ககிட்ட வழுக்காத கல்லு இருக்கா?"

"இருக்கு சார், நாங்க..."

"வெளயாட்டுக்கு இல்லம்மா. நெசமாவே வழுக்காத கல்லு."

அந்தக் குரலைக் கேட்டதும் நான் என் எம் எண்பதை விழுங்கிவிட்டேன்.

"என் வீட்டுக்காரி போன வருஷம் வாசல்ல விழுந்துட்டாம்மா. நான் அந்தப் பக்கம் போன்ல இருந்தேன். 'என்னங்க, சாப்ட்டீங்களா'ன்னு கேட்டா. பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்பறம் அவ கத்துன சத்தம். அப்பறம் ஒண்ணுமே இல்ல. நான் அங்க ரோட்டுல நின்னுகிட்டு அலோ அலோன்னு கத்துறேன். அன்னைக்கு நான் போன் பண்ணாம இருந்திருந்தா அவ விழுந்திருக்க மாட்டா. இதை அவகிட்ட நான் இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றது? இப்ப நான் ஒரு கல்ல எடுத்துப் போட்டு, என்னை நம்பி அவ காலை வெச்சு, மறுபடி விழுந்தான்னா? அதான்மா எதை எடுத்தாலும் கை கூச்சப்படுது."

துப்பட்டா வாயிலிருந்து நழுவியிருந்தது.

"அன்னைக்கு பக்கத்து வீட்டுப் புள்ள ஒண்ணு மதில் ஏறிக் குதிச்சு ஓடியாந்துச்சு. போனை எடுத்து, 'மாமா, நான் இருக்கேன், பயப்படாதீங்க'ன்னுச்சு. அது ஒரு வாலும்மா. தெருவுல அது மேல பிராது சொல்லாத ஆளு கெடையாது. எங்க முருங்கக்காய பூரா அதுதான் திங்குது. ஆனா அன்னைக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மழையில அவ தலைய மடில வெச்சுகிட்டு உக்காந்திருந்துச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நம்மைப் பற்றி நம்மிடமே ஒருவர் நல்லவிதமாகச் சொன்னால் எங்கே பார்ப்பது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் அந்த நாள் பார்த்து நான் லீவு போட்டிருப்பேன்.

"சார்," என்றேன், குந்தவையின் குரலைத் தேடிப் பிடித்து. "அந்த வாசல்ல இத்தன வருஷம் மழையில நடந்தது யாரு? நீங்களா, அவங்களா?"

"அவதான்."

"அப்ப அவங்ககிட்டல்ல கேக்கணும். அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?"

மாமா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஜன்னல் வழியாக மாமியோடு வம்பு பேசிக்கொண்டிருந்தேன். மாமா பிரியாணி தேக்சாவின் பெரிய மூடியில் நான்கு தினுசுக் கற்களை இரண்டிரண்டாக அடுக்கி, மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நிலைப்படிக்கு உள்பக்கம், மாமி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"என்னங்க இது, கல்லு பிரியாணியா?"

"நீயே பாத்து எடு ஹலீமா. எனக்குத் தெரியல."

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தார் பூரா கல்லு போட்ட ஆளுக்குத் தெரியலியா?"

"அங்க மழ கெடையாது."

மாமி ஒவ்வொரு கல்லாகப் பார்த்து முடித்தார். பிறகு, "சோறு வடிச்ச கஞ்சி அடுப்படில இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றார்.

"எதுக்கு?"

"தண்ணி ஊத்திப் பாத்தா போதுமா? என்னைக் கவுத்தது தண்ணியா?"

மாமா ஓடிப் போய் எடுத்துவந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாமி ஒவ்வொரு கல்லின் மேலும் கஞ்சியை ஊற்றி, வெறுங்காலை வைத்து அழுத்தித் தள்ளிப் பார்த்தார். சிவப்புப் பளபளா கல்லில் கால் வழுக்கிக்கொண்டு போய் மாமாவின் முழங்காலில் இடித்தது.

"இதுல மூஞ்சி பாத்துக்கலாம். நடக்க முடியாது. கயலு, உங்கப்பாட்ட சொல்லு, இந்தக் கல்யாண மண்டபம் வேணாம்னு."

பூப்போட்ட கல்லும் போனது. ஜிக்ஜாக் கல்லில் கால் நின்றது. "அந்த வாக்கரக் குடுங்க" என்றார். வாக்கரின் ரப்பர் காலை அதன் மேல் இழுத்தால், இரண்டு கல் சேரும் இடத்தில் ஓரத்தைச் சரித்து விட்டிருந்த பள்ளத்தில் போய்ப் போய் மாட்டியது. அதுவும் போனது. கடைசியில் மெஷினில் அழுத்திய சாம்பல் கல். ஓரம் சரிக்காத, ஒரு அலங்காரமும் இல்லாத, செங்கல் மாதிரியான கல். கஞ்சியை ஊற்றினார். காலை வைத்தார். தள்ளினார். கால் நகரவில்லை. வாக்கரை இழுத்தார். தடங்கலே இல்லாமல் போனது.

"இது புடிச்சுக்குது" என்றார்.

"அது நெல்லு குடோனுக்குப் போடுற கல்லு ஹலீமா. பாக்க நல்லா இருக்காது."

"அழகு பாத்துக் கட்டிக்கிட்டதெல்லாம் ஒரு தடவ போதும்."

நான் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். மாமாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், எங்கிருந்து தைரியம் வந்ததோ, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நான் போன் பண்ணாம இருந்திருந்தா நீ விழுந்திருக்க மாட்ட."

மாமி கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "இதையா ஒரு வருஷமா வயித்துல வெச்சுகிட்டு திரியிறீங்க? நீங்க போன் பண்ணாத நாள்ல நான் அந்த வாசல்ல எத்தன தடவ நடந்திருக்கேன் தெரியுமா, அடிக்குதா அடிக்குதான்னு? அன்னைக்கு பண்ணாம இருந்திருந்தா கோவத்துல வேகமா நடந்து ரெண்டு இடுப்பையும் ஒடச்சிருப்பேன்."

மாமா மூக்கை உறிஞ்சினார். கஞ்சி வாடையாக இருக்கலாம்.

"அப்பறம், தண்ணி வடிய வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கப் போறீங்க?"

"கேட்டுப் பக்கம்தான். தண்ணி ரோட்டுக்குப் போயிடும்."

"அட அல்லாவே. வாய்க்கா பொங்குனா தெருத்தண்ணி அந்தக் கேட்டு வழியாத்தான் உள்ள ஏறும். மதிலோரம் குடுங்க, தென்னைக்குப் போகட்டும். மதில்கிட்ட ஒரு முழம் கல்லு போடாம மண்ணா விடுங்க. கஞ்சி சிந்துனா மண்ணு குடிச்சுக்கும்."

கஞ்சி என்று அவர் சொன்னதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. மதில்கிட்ட வரப் போகிற ஆள்தானே மதில்கிட்ட இடம் விடச் சொல்லும்?

அதற்குப் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. பழைய சிமெண்டைப் பெயர்த்தார்கள். ஜல்லியைக் கொட்டி இடித்தார்கள், அதன் மேல் கிரஷரில் அரைத்த கல்தூளைப் பரப்பினார்கள். கல்லை மட்டும் வேறு யாரையும் தொட விடவில்லை. முட்டியில் கத்தாரிலிருந்து கொண்டுவந்த பட்டையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் சுத்தியலோடு, நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லாக அவரே தட்டினார். என் அப்பா வந்து, "குடோன் தொறப்பு விழா எப்ப பாய்?" என்று கேட்டதற்கு, "நெல்லக் கொண்டாங்க, எட போட்டுடலாம்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஊர் கேட்க அவர் அடித்த முதல் ஜோக். சுமார்தான். ஆனாலும் நான் சிரித்தேன்.

ஐப்பசி மழை சொன்னபடி வந்தது. சாயங்காலம் பிடித்து விடிய விடிய ஊற்றியது. வாய்க்கால் பொங்கித் தெருவில் ஓடியது. காலையில் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கேட்டுப் பக்கம் தெருத்தண்ணீர் உள்ளே ஏறப் பார்த்து, ஏற முடியாமல் நின்றது. வாசலில் விழுந்த தண்ணீர் எல்லாம் ஒழுங்காக மதிலோரம் ஓடித் தென்னையின் காலில் இறங்கியிருந்தது. வாசல் துடைத்துவைத்தது போல இருந்தது. மழையே கழுவி விட்டிருக்கும்.

மத்தியானம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆடு கத்தியது. வாசற்படியில் வாக்கரின் முன்னங்கால்கள் தெரிந்தன.

நிலைப்படியில் நின்றன. வழக்கமாக நிற்கும் இடம்தான். மாமா இரண்டடி தள்ளிக் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. கையையும் நீட்டவில்லை. கஞ்சியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடவில்லை. ஆடு வாயை மூடியிருந்தது, அதற்கும் விஷயம் தெரிந்த மாதிரி.

"பிஸ்மில்லாஹ்" என்றார் மாமி. வாக்கர் இறங்கியது. ரப்பர் கால் கல்லில் பிடித்தது. வலது கால் இறங்கியது. இடது கால் இறங்கியது.

ஈரக் கல்லில் டக், டக் என்று சத்தம் வந்தது. பாதி வாசலில், விழுந்த அதே இடத்தில், மாமி நின்று கீழே பார்த்தார். காலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். "போடா" என்றார், கல்லையோ, பாசியையோ, எதையோ. பிறகு நேரே மதிலைப் பார்த்து வந்தார். மாமாவின் தோள்கள் அரை முழம் கீழே இறங்கின. அவை இத்தனை நாளும் அவ்வளவு மேலே இருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்னடி கயலு, ஆடு எளச்சுப் போச்சு?" என்றார் மாமி, மதிலைப் பிடித்துக்கொண்டு.

"உங்கள நெனச்சுத்தான் மாமி" என்றேன். கண்ணில் ஏதோ தூசி. மழை விட்ட அன்றைக்குத் தூசி பறக்காது என்பது எனக்கும் தெரியும்.

மாமா கஞ்சிப் பாத்திரத்தை மதில் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம். கல்லு நல்லா இருக்குன்னு அந்தக் கம்பெனிப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லிடணும். பாவம், நல்ல பொண்ணு."

நான் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் ஓர் அடி வைத்தேன். அதற்குள் என் பாவாடைப் பையில் அம்மாவின் பழைய போன் அலறியது. அணைக்கப் போனால் விரல் தவறி ஸ்பீக்கரில் எடுத்துவிட்டது.

"வணக்கம் குந்தவை மேடம்" என்றார் மாமா. ஒரு தடவை மதிலுக்கு மேலும், ஒரு தடவை என் பையிலிருந்தும் கேட்டது.

மாமி வாக்கரையே தள்ளிவிட்டுவிடுவார் போலச் சிரித்தார்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் மாமா?"

"மொத நாளே. போன் ஒரு காதுல, மதிலு ஒரு காதுல. ஒரே ஆடு ரெண்டு காதுலயும் கத்துனா?"

"அப்ப ரெண்டாவது நாளு நீங்க என்னப் பத்தி..."

மாமா குனிந்து, மதிலோரத்து மண்ணில் ஒரு மூலையைக் காட்டினார். ராத்திரி மழையில் தென்னையிலிருந்து உதிர்ந்த குரும்பைகள் அங்கே அழகாகக் குவித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் எங்கள் வீட்டு விளக்குமாறு. விடியக்காலையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது.

"மழ வாசலக் கழுவும், சரி. குரும்பையப் பொறுக்கிக் குவிச்சும் வெக்குமா? இல்ல, அதுவும் அந்தத் தொண்ணூத்தொம்பது வருஷ கேரண்டில சேர்த்தியா மேடம்?"

நான் என்னென்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ஆடு கத்திவிட்டது.

"மேனேஜருக்கு இருமல் இன்னும் போகல" என்றார் மாமா. "மொதல்ல அவருக்குக் கஞ்சிய ஊத்து."